டெல்டா களிமண்ணுல 50 அடி செல்ஃப் சப்போர்ட்டிங் டவர் நிக்குமா? அஸ்திவாரம் எவ்வளவு போடணும்?

காவிரிக்கடைசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. வீட்டுக்குப் பின்னாடி கொல்லை 40க்கு 55 அடி இருக்கும், அதத் தாண்டினா வயல்தான். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ்ல ரெஸ்ட்ரிக்டட் கிரேடுல பல வருஷம் ஓட்டிட்டு இப்பதான் அதுக்கு மேல இருக்கிற ஜெனரல் கிரேடு பாஸ் பண்ணேன், இனிமே 20, 15, 10 மீட்டர் பேண்டுக்கு (அலைவரிசைக்கு) ஒரு சுத்துற ஆன்டனா போட்டுடணும்னு முடிவு.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன், அப்பதான் நான் ஏன் ஸ்டே கம்பி (நாலு பக்கமும் இழுத்துக் கட்டுற கம்பி) வேண்டாங்குறேன்னு புரியும். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப எங்கிட்ட 40 அடி ஜிஐ பைப் மாஸ்ட் இருந்துச்சு, நாலு பக்கமும் ஸ்டே, உச்சியில விஹெச்எஃப் வெர்டிகல் (செங்குத்து ஆன்டனா), அதுக்குக் கீழ 40 மீட்டர் பேண்டுக்கு இன்வர்ட்டட் வீ (தலைகீழ் 'வி' மாதிரி கட்டுற கம்பி ஆன்டனா). ராத்திரி முழுக்க காத்து ஊளையிட்டப்பவும் பைப்பு நின்னுச்சுங்க. விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி கிழக்கால நின்ன தென்னை வேரோட சாஞ்சு ஸ்டே கம்பி மேல விழுந்துச்சு, அது இழுத்த இழுப்புல பைப்பு நடுவுல மடங்கி மாட்டுக் கொட்டகை மேல படுத்துடுச்சு. மாட்டை முதல் நாளே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டிட்டுப் போயிருந்தோம், அதனால தப்பிச்சுது. அப்புறம் செல்போன் டவரெல்லாம் ஒண்ணொண்ணா செத்துச்சு, கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. எங்கிட்ட ரேடியோ இருக்கு, கார் பேட்டரி இருக்கு, ஆன்டனா மட்டும் இல்ல. மாமரத்துல ஒரு டைபோல் (கம்பி ஆன்டனா) கட்டலாம்னா மாமரமும் விழுந்து கெடக்கு. அன்னிக்குப் பட்ட வேதனை இன்னும் போகல.

அதனால இந்தத் தடவை ஸ்டே இல்லாத டவர்தான். 50 அடி நினைச்சிருக்கேன். ஊர்ல ஒரு மேஸ்திரிகிட்ட கேட்டேன், "நாலுக்கு நாலு, நாலடி ஆழம் குழி வெட்டி கான்கிரீட் போட்டா யானை கட்டலாம்"னு சொல்றாரு. ஒரு பக்கம் புது கோண இரும்பு வாங்கி பட்டறையில செய்யலாமா, இன்னொரு பக்கம் கழட்டிப் போட்ட பழைய மொபைல் டவர் பீஸ் ஸ்க்ராப் கடையில கிடைக்குது, அத எடுக்கலாமான்னு குழப்பம். பட்ஜெட் எல்லாம் சேத்து 2 லட்சத்துக்குள்ள. மண்ணு சுத்தக் களி, வெயில் காலத்துல கை நுழையுற அளவு வெடிக்கும், மழையில சேறு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

—

கட்டுமானம்_பாண்டி எழுதியது:

வணக்கம் ஓஎம் (ஹாம்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறது இப்படித்தான்). நான் புதுச்சேரி, தொழில் சிவில், 2011 தானே புயல்ல எங்க ஏரியா என்ன ஆச்சுன்னு கண்ணால பாத்தவன். நேரா விஷயத்துக்கு வரேன், மேஸ்திரி சொன்ன நாலடிக் குழி வேண்டாம். அவரு வீட்டுத் தூணை நினைச்சு சொல்றாரு, தூணுக்கு பாரம் கீழ நோக்கி இறங்கும், டவருக்கு அப்படி இல்ல, அதோட எடை ஒண்ணுமே இல்ல, காத்து அதைச் சாய்க்கப் பாக்கும், அஸ்திவாரத்தோட வேலையே சாயாம புடிச்சிக்கிறதுதான்.

கணக்கு போட்டே காட்டுறேன், ரவுண்டா எடுத்துக்கிறேன். ஐஎஸ் 875ங்கிற இந்தியத் தர நெறியோட மூணாம் பாகத்துல இருக்கிற காத்து மேப்ல சென்னை, புதுச்சேரி, உங்க கடலோரப் பக்கம் எல்லாம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூர், மதுரைக்கு 39தான். வேகத்தை ஸ்கொயர் பண்ணி 0.6ஆல பெருக்கினா அழுத்தம் நியூட்டன்ல வரும், அதை 9.8ஆல வகுத்தா கிலோ, 50க்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமார், 39க்கு 93 கிலோ. கோயம்புத்தூர்க்காரர் டவர் டிராயிங்கை அப்படியே எடுத்து வேதாரண்யம் பக்கம் நட்டா ஏன் விழுதுன்னு இதுலயே தெரியும்.

இப்ப உங்க ஆன்டனா. மூணு பேண்ட் யாகியோ ஹெக்ஸ்பீமோ (ரெண்டுமே ஒரு திசையைப் பாத்து அனுப்புற ஆன்டனா) காத்துக்குக் காட்டுற பரப்பு 0.6 சதுர மீட்டர்னு வைங்க, 90 கிலோ தள்ளும். 50 அடிங்கிறது 15 மீட்டர், உச்சியில 90 கிலோ தள்ளினா அடியில சுமார் 1.4 டன் மீட்டர். டன் மீட்டர்னா ஒரு மீட்டர் கடப்பாரை முனையில ஒரு டன் தொங்குற மாதிரி. எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க, அங்கதான் தப்பு நடக்குது. டவரோட இரும்பே காத்தை வாங்கும். கோண இரும்பு டவர்னா ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 55லேர்ந்து 60 கிலோ வரை தள்ளும், 15 மீட்டருக்கு 850 கிலோ, அது நடு உயரத்துல தள்ளுதுன்னு எடுத்தா 6.4 டன் மீட்டர். ஆன்டனாவை விட நாலு மடங்குக்கு மேல. மொத்தம் 7.8.

மேஸ்திரி குழி 4 அடி கன சதுரம், 1.8 கன மீட்டர் கான்கிரீட், எடை 4.3 டன். ஓரத்துல சாயுறப்ப அது எதிர்த்து நிக்கிறது 2.6 டன் மீட்டர்தான். பக்கத்து மண்ணு கொஞ்சம் புடிக்கும்னு வைங்க, ஆனா தண்ணியில ஊறின களி எவ்வளவு புடிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

சரி, 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் போட்டா? 14.4 டன், 14.4 டன் மீட்டர் எதிர்ப்பு, கிட்டத்தட்ட டபுள், ஆஹான்னு இருக்கும். ஆனா உங்க ஊருல புயல் வர்றது ஐப்பசி கார்த்திகையில, அப்ப நிலத்தடி நீர் எங்க இருக்கும்? கொல்லையிலயே நிக்கும். தண்ணிக்குள்ள முங்கின கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன் இல்ல, 1.4 டன்தான் கணக்கு. 14.4 அப்படியே 8.4க்கு இறங்கிடும். தேவை 7.8. அதாவது மயிரிழை. புயலும் வெள்ளமும் ஒண்ணா வர்ற ஊருல காஞ்ச மண்ணு கணக்கு போடக் கூடாது, இதை மட்டும் மறந்துடாதீங்க.

கன சதுரமா கொட்டுறதுக்குப் பதிலா அகலமா ஒரு தட்டு போடுங்க. இரண்டரை மீட்டருக்கு இரண்டரை, அரை மீட்டர் கனம், அது மேல 90 சென்டிமீட்டர் சதுரத் தூண் ஒரு மீட்டர் உயரம், அப்புறம் தட்டு மேல மண்ணை நிரப்பி இடிச்சு இறுக்கணும். கான்கிரீட் 4 கன மீட்டர்குள்ள முடிஞ்சிடும், அந்த ரெண்டு மீட்டர் பிளாக்குக்கு 6 ஆகும். மேல உக்காந்திருக்கிற மண்ணும் உங்களுக்கு எடை. தண்ணி முழுக்க ஏறினாக் கூட 12.4 டன் மீட்டர் நிக்கும்.

ஒரே ஒரு விஷயம் கேக்குறேன், 50 அடி கட்டாயமா? 40 அடின்னா, அதாவது 12 மீட்டர், மொத்த சாய்ப்பு 5.2தான் வரும். உயரம் அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சா சாய்ப்பு மூணுல ஒரு பங்கு கொறையுது. 2015ல திருத்தின ஐஎஸ் 875ல கிழக்குக் கடலோரம் 60 கிலோமீட்டர் பட்டைக்கு ஒரு புயல் பெருக்கு இருக்கு, சாதாரணக் கட்டடத்துக்கு 1, புயலுக்கு அப்புறமும் வேலை செய்ய வேண்டிய ஆஸ்பத்திரி, தகவல் தொடர்பு டவர் மாதிரிக்கு 1.3. அது காத்து வேகத்து மேல போடுற பெருக்கு, அழுத்தத்துல 1.69 மடங்கு ஆகிடும். உங்க சொந்த டவருக்கு 1 போட்டுட்டுப் போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா நீங்க கஜா மறுநாள் பத்தி எழுதினதைப் படிச்சப்ப, உங்களுக்கு 1.3தான் போடணும்னு எனக்குத் தோணுது. அதே அஸ்திவாரத்துல 40 அடின்னா சுமார் 9 டன் மீட்டர், 12.4 தாங்கும். 50 அடின்னா 13ஐத் தாண்டிடும், தாங்காது. முடிவு உங்க கையில.

இது ஃபோரத்துல போடுற கணக்கு, இதை வச்சு குழி வெட்டாதீங்க. மண் பரிசோதனை பண்ணி, களி எவ்வளவு பாரம் தாங்கும்னு பாத்து, ஸ்ட்ரக்சுரல் ஆளு ஒருத்தர் கையெழுத்துப் போட்ட டிராயிங்தான் கடைசி. அந்தச் செலவு உங்க கோண இரும்புச் செலவுல சின்னப் பங்கு.

—

கொங்கு_அலைவரிசை எழுதியது:

வணக்கமுங்க. நான் பொள்ளாச்சிப் பக்கமுங்க, 1994ல இருந்து 60 அடி டவர் ஒண்ணு நிக்குது தோட்டத்துல. பாண்டி தம்பி கணக்கை எல்லாம் தெளிவா சொல்லிட்டாப்ல, நான் மேல ஏறி எறங்கின அனுபவத்தை மட்டும் சொல்றேனுங்க.

உயரம் பத்தி ஒண்ணு. 20 மீட்டர் பேண்டுக்கு ஆன்டனா 12 மீட்டர் உயரத்துல இருந்தா முதல் கதிர் 26 டிகிரில கெளம்பும், 15 மீட்டர் உயரத்துல சுமார் 20 டிகிரி, கோணம் தாழ்வா இருந்தா தூரம் போகுமுங்க. வித்தியாசம் இருக்குதுங்க, இல்லீன்னு சொல்லல. ஆனா 15 மீட்டர் பேண்டுக்குப் போனா அதே 12 மீட்டர் உயரம் 17 டிகிரி கொடுக்குது, 10 மீட்டர் பேண்டுக்கு 13 டிகிரிக்குள்ள. சூரியன் நல்லா இருக்கிற வருஷத்துல ஐரோப்பா, ஜப்பானுக்கு அது தாராளமுங்க. 40 அடிக்கு கவலைப்படாதீங்க.

அடுத்து ஏறுறதுங்க. உங்க பக்கம் தென்னை ஏறுற ஆளுங்க திறமைசாலிங்க, கூப்பிட்டா உடனே வந்து டவர்ல ஏறிருவாங்க. தயவு செஞ்சு அப்படி ஏத்திராதீங்க. மரம் ஏறுறப்ப ரெண்டு கையும் ரெண்டு காலும் மரத்துலயே இருக்கும், டவர்ல ஸ்பேனர் புடிக்க ஒரு கைய எடுக்கணும், ரோட்டேட்டரை (ஆன்டனாவைச் சுத்தற மோட்டாரை) தூக்க ரெண்டு கையும் வேணும். ஃபுல் பாடி ஹார்னஸ், ரெண்டு லேன்யார்டு (கொக்கி வச்ச பாதுகாப்புக் கயிறு), ஒரு கொக்கி எப்பவும் இரும்புல மாட்டியே இருக்கணும், ஒண்ண மாட்டின பொறவுதான் இன்னொண்ணக் கழட்டணும். இடுப்புல மட்டும் கட்டுற பழைய பெல்ட்டு வேண்டாமுங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேனுங்க. ஒரு நாள் சாயங்காலம் மேல உக்காந்து மாஸ்ட் யூ போல்ட்டு முறுக்கிட்டு இருந்தேன், 17 நம்பர் ஸ்பேனர் கை நழுவிப் போச்சு. கீழ எம் பையன் கயிறு புடிச்சு நின்னுட்டு இருந்தான். ஸ்பேனர் நடுவுல ஒரு குறுக்குக் கம்பில பட்டு டங்குன்னு சத்தம் கேட்டுச்சு, அப்பறம் சத்தமே இல்லீங்க. நான் கீழ பாக்கறதுக்கே பயந்துட்டேன். அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுல குத்தி நின்னுச்சு. அன்னீலிருந்து ஒவ்வொரு டூலுக்கும் ஒரு கயிறு, டவர் உயரத்துல பாதி தூரத்துக்கு வட்டம் போட்டு யாரும் உள்ள வரக் கூடாது, கயிறு புடிக்கறவங்க கப்பி வச்சுத் தள்ளி நின்னு இழுக்கணும், தலையில ஹெல்மெட்டு.

ரோட்டேட்டரை டவருக்குள்ள கீழ ஒரு பிளேட்ல உக்கார வச்சு, உச்சியில தனியா ஒரு பேரிங் போட்டு, மாஸ்ட் பைப்பு அதுக்குள்ள போகற மாதிரி பண்ணுங்க. அப்பத்தான் காத்து ஆன்டனாவைச் சாய்க்கறப்ப ரோட்டேட்டர் பல்லுச் சக்கரம் அடி வாங்காது. பைப்பு நல்ல கனமான பைப்பா இருக்கோணும், வீட்டுக் குழாய்க்குப் போடற மெல்லிசு பைப்பு ஒரு பருவக் காத்துலயே வளைஞ்சுருமுங்க.

பக்கத்துல ஈபி லைன் போகுதான்னு சொல்லலீங்களே? டவர் நிக்கறப்ப மட்டும் தூரம் பாத்தாப் பத்தாது, தூக்கறப்ப எந்தப் பக்கம் சாஞ்சாலும், ஆன்டனா நீளத்தையும் சேத்து, கம்பியைத் தொடாத இடமா இருக்கோணும். இதுல மட்டும் தயவு தாட்சண்யமே கிடையாதுங்க.

மின்னலுக்கு, ஒவ்வொரு காலுல இருந்தும் எர்த் ராடுக்கு கம்பி எறக்கி, அந்த எர்த்தையும் ஷேக் (ரேடியோ ரூம்) எர்த்தையும் வீட்டு மீட்டர் எர்த்தையும் ஒண்ணோட ஒண்ணு கட்டாயம் சேத்துக் கட்டுங்க. தனித்தனியா வுட்டா மின்னல் எறங்கறப்ப ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் உங்க ரிக்கு (ரேடியோ) வழியாத்தான் பாயும். கோஆக்ஸ் (ஆன்டனா கேபிள்) ஷீல்டை டவர் உச்சியில ஒரு தடவை, அடியில ஒரு தடவை டவரோட சேத்துக் கட்டிட்டு, வீட்டுக்குள்ள நுழையற இடத்துல மின்னல் அரெஸ்டர். இத்தனையும் பண்ணீட்டு, இடி கேட்டா கேபிளைக் கழட்டி வெளிய போட்டுருங்க. நான் இன்னிக்கும் அப்படித்தானுங்க.

—

துவாக்குடி_இரும்பு எழுதியது:

நான் ஃபேப்ரிகேஷன் லைன்ல 20 வருஷமா இருக்கேன் திருச்சியில, ஹாம் லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, அதனால இரும்பு பக்கம் மட்டும் சொல்றேன் அண்ணே.

பழைய மொபைல் டவர் பீஸ் எடுக்கலாம், தப்பில்ல, கால்வனைசிங் நல்லா இருந்தா புது இரும்பை விட நல்லதாவே இருக்கும், ஆனா கடையில அடுக்கி வச்சிருக்கிறதை வெளியில பாத்துட்டு வாங்காதீங்க. ரெண்டு ஆங்கிள் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுற ஜாயின்ட்ட கழட்டச் சொல்லி உள் பக்கம் பாருங்க, துரு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். போல்ட் ஓட்டை வட்டமா இருக்கா, முட்டை வடிவுல இழுபட்டிருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க, இழுபட்டிருந்தா அந்த டவர் ஏற்கனவே அசைஞ்சிருக்கு. கழட்டும்போது கேஸ் கட்டிங் போட்டிருந்தா அந்தப் பீஸே வேண்டாம். எல்லாத்தையும் விட முக்கியமா வரிசையா இருக்கணும், மூணாவது செக்ஷன் ஒரு டவர்லேர்ந்தும் நாலாவது செக்ஷன் வேற டவர்லேர்ந்தும் எடுத்துட்டு வந்தா சேரவே சேராது, சேத்து வெல்டிங் அடிக்கிறேன்னு பட்டறையில சொல்லுவாங்க, விட்டுடாதீங்க, கால்வனைஸ் ஆன இரும்புல வெல்டிங் வச்சா அந்த இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், உப்புக் காத்துல முதல்ல அங்கதான் அரிக்கும்.

புதுசா செய்யுறதுன்னா மூணு காலா நாலு காலான்னு கேள்வி வரும். மூணு கால்ல இரும்பு மிச்சம், ஆனா ஆங்கிள் 90 டிகிரி, முக்கோணத்துக்கு 60 டிகிரி வேணும், அதை மடிச்சுக் குடுக்க சின்னப் பட்டறையில வசதி இருக்காது, அதனால பைப்ல பண்ணுவாங்க. பைப்னா உள்ள தண்ணி நிக்கும், உங்க ஊருல உப்போட நிக்கும், வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்ள இருந்து தின்னுடும். உங்களுக்கு நாலு கால், ஆங்கிள், எல்லாம் போல்ட் ஜாயின்ட், அதுதான் என் அபிப்பிராயம். அடியில 65க்கு 65க்கு 6, மேல போகப் போக 50க்கு 50, அந்த மாதிரி வரும், ஆனா அளவை டிசைனர் சொல்லட்டும். இரும்பு ஐஎஸ் 2062 டெஸ்ட் சர்டிபிகேட்டோட வாங்குங்க.

பெயின்ட் அடிக்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க அண்ணே. ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் உங்க பக்கம் ரெண்டு மழை தாங்காது. ஹாட் டிப் கால்வனைசிங்தான் (உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்கிறது), சதுர மீட்டருக்கு 610 கிராம்னு எழுதிக் கேளுங்க. வெட்டுறது, ஓட்டை போடுறது, நம்பர் குத்துறது எல்லாம் டிப்புக்கு முன்னாடி முடிஞ்சிடணும், அப்புறம் ட்ரில் பண்ணா அந்த ஓட்டைக்குள்ள பாதுகாப்பு இல்ல. டிப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பட்டறைத் தரையில படுக்க வச்சு முழு டவரையும் ஒரு தடவை பூட்டிப் பாத்துடுங்க. போல்ட் நட்டும் ஹாட் டிப் பண்ணினதா கேளுங்க, கடையில சாதாரணமா குடுக்குற மஞ்சள் ஜிங்க் போல்ட் ஒரு வருஷத்துல பழுப்பாயிடும்.

ஆங்கர் போல்ட்டு. இதுலதான் நான் நிறைய பேரு தலையில கை வச்சு உக்காந்து பாத்திருக்கேன். நாலு காலுக்கும் போல்ட்டை தனித்தனியா கான்கிரீட்ல நட்டா, வைப்ரேட்டர் போடும்போது ஒண்ணு நகந்துடும். போன வருஷம் ஒரு வேலையில 8 மில்லி நகந்துச்சு, பேஸ் பிளேட் உக்காரல, ஓட்டையப் பெருசாக்க கேஸ் கட்டிங் கேட்டாங்க, நான் முடியாதுன்னுட்டேன், பிளேட்டப் புதுசா செஞ்சு திரும்ப டிப்புக்கு அனுப்பி ஒரு மாசம் போச்சு. அதனால 6 மில்லி பிளேட்ல ஒரு டெம்ப்ளேட் பண்ணி, எல்லா போல்ட்டையும் மேலயும் கீழயும் நட்டுப் போட்டு பூட்டி, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப் புடிச்சு ஒரே அளவு வருதான்னு பாத்துட்டு, கான்கிரீட் போட்டு முடிச்ச உடனே திரும்பவும் டேப் புடிங்க. ஈரமா இருக்கும்போது தட்டி சரி பண்ணலாம், மறுநாள் முடியாது. போல்ட் மரைக்கு கிரீஸ் தடவி துணி சுத்திடுங்க.

—

உப்பளம்_14மெகா எழுதியது:

எல்லாரும் டவர் பத்தியே பேசுறீங்க, நான் வேற சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. நான் தூத்துக்குடி, உப்பளத்து ஓரத்துல ஒரு கால் அலை வெர்டிகல் வச்சிருக்கேன் 20 மீட்டருக்கு, 5 மீட்டர் உயரம் அவ்வளவுதான், கடல் தண்ணி பக்கத்துலயே, ராத்திரி தென்னமெரிக்கா வரைக்கும் போகுது. உப்புத் தண்ணி மேல வெர்டிகல் கதிர் ரொம்ப தாழ்வா போகும், அதுக்கு 100 அடி டவர் கூட ஈடு இல்லன்னு சொல்லலாம். நீங்களும் வேதாரண்யம் பக்கம்தானே, சதுப்பு நிலம், உப்பளம் எல்லாம் இருக்கே, இவ்வளவு இரும்பும் கான்கிரீட்டும் எதுக்கு? புயல் வந்தா வெர்டிகலைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சுட்டா போதும், போன மறுநிமிஷம் நட்டுக்கலாம்.

—

காவிரிக்கடைசி எழுதியது:

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, மூணு தடவை படிச்சேன்.

உப்பளம் அண்ணன் சொன்னது உண்மைதான், ஆனா எங்க வீடு கடல்லேர்ந்து 9 கிலோமீட்டர் உள்ள தள்ளி, தண்ணி ஓரத்துல நிக்கிற அந்த லாபம் எனக்கு வராது. வயல் ஈரமா இருக்கிற வரைக்கும் பரவால்ல, ஆனா வெர்டிகலுக்கு அடியில சுத்தி விரிக்கிற ரேடியல் கம்பிய வயல்ல புதைச்சா டிராக்டர் வந்து சுருட்டிடும். ஆனா புயலுக்கு அப்புறம் உடனே நட்டுக்க ஒரு வெர்டிகல் செஞ்சு அட்டத்துல போட்டு வைக்கணும்னு நீங்க சொன்ன அப்புறம்தான் தோணுச்சு, அத கண்டிப்பா பண்றேன். ஈபி லைன் தெருப் பக்கம், கொல்லையிலேர்ந்து 90 அடி தள்ளி இருக்கு.

பாண்டி சார், தண்ணிக் கணக்கு என்னைத் தூங்க விடல. பெர்மிஷன் பத்தியும் யாராவது சொல்லுங்க, பஞ்சாயத்துல கேட்டா போதுமா? அப்புறம் கான்கிரீட்டுக்கு எங்க போர் தண்ணி உப்பு, அதையே ஊத்திக்கலாமா?

—

கட்டுமானம்_பாண்டி எழுதியது:

உப்புத் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க ஓஎம். கலக்குறதுக்கும் சரி, ஆத்துறதுக்கும் சரி. உப்புல இருக்கிற குளோரைடு உள்ள கம்பிக்குப் போய் துரு புடிக்க வைக்கும், துரு ஊதும், கான்கிரீட்டை உள்ளேர்ந்து பிளக்கும், அது வெளிய தெரியும்போது காலம் கடந்துடும். குடிக்கிற தண்ணி டேங்கர்ல வாங்குங்க. கிரேடு எம்-30க்கு கொறையாம கேளுங்க, கம்பிக்கு வெளிய 75 மில்லி கான்கிரீட் கவர் இருக்கட்டும், கம்பி நேரா மண்ணுல உக்காராம அடியில ஒரு லேயர் மெலிசா பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டுட்டு அது மேல கட்டுங்க. 7 நாள் ஈரச் சாக்கு கட்டாயம், டவர் ஏத்துறது 28 நாள் கழிச்சு. கம்பிக் கூட்டை ஒரு இடத்துல எர்த்தோட சேத்துட்டா ஈரக் களியில அந்த அஸ்திவாரமே நல்ல எர்த்தா வேலை செய்யும், ஆனா அதை மட்டும் நம்பாம ராடும் போடுங்க.

பெர்மிஷனுக்கு, விமான நிலையத்துலேர்ந்து 20 கிலோமீட்டருக்குள்ள இருந்தா ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி கலர் மேப் பாத்து உங்க உயரத்துக்கு என்ஓசி வேணுமான்னு தெரிஞ்சுக்கணும். திருச்சியும் தஞ்சாவூர் விமானப்படைத் தளமும் உங்களுக்கு ரொம்ப தூரம், அந்தத் தொந்தரவு இல்ல. லைசென்ஸ்ல இருக்கிற ஸ்டேஷன் விலாசம் இந்த வீடாவே இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா முதல்ல அதை மாத்துங்க, ஆன்டனா உயரத்துக்கு லைசென்ஸ் நிபந்தனையில என்ன போட்டிருக்குன்னும் படிச்சிடுங்க. பஞ்சாயத்துல டிராயிங்கோட எழுதிக் கொடுத்து சீல் போட்ட காப்பி வாங்கி வைங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே போய் இது செல்போன் டவர் இல்லன்னு சொல்லிடுங்க, இந்த ஒரு சந்தேகத்துல எத்தனையோ வேலை நின்னு போயிருக்கு. 2004 சுனாமி அப்ப போர்ட் பிளேர்ல பாரதி பிரசாத் குழு ஹாம் ரேடியோவுலதான் அந்தமான்லேர்ந்து சேதி அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, கடலோர ஊரு, உடனே புரிஞ்சுக்குவாங்க.

—

கொங்கு_அலைவரிசை எழுதியது:

தூக்கறதுக்கு ஒரு வார்த்தைங்க. 40 அடி டவரைப் படுக்க வச்சுப் பூட்டி மொத்தமா கயிறு கட்டி இழுத்து நிமித்தறேன்னு எறங்காதீங்க, நிமிர ஆரம்பிக்கறப்ப வர்ற இழுவை அதோட எடையை விடப் பல மடங்கு. ஹைட்ரா வண்டி (கிரேன்) ஒண்ணு அரை நாள் வாடகைக்குக் கூப்பிடுங்க. உங்க கொல்லைக்குள்ள வண்டி வர வழி இருக்குதா, ஈரக் களியில டயரு அமுந்துமான்னு இப்பவே பாருங்க. ரெண்டு துண்டா தூக்கி வச்சுப் பூட்டினாப் போதும். ஆன்டனா, ரோட்டேட்டர் எல்லாம் வேற நாளு. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கோணும்னு நெனைக்கறப்பதானுங்க விபத்து வருது.

—

காவிரிக்கடைசி எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், மழை.

பாண்டி சார் சொன்னதைப் படிச்சுட்டு மேஸ்திரியக் கூட்டிட்டுப் போய் கொல்லையில ஒரு சோதனைக் குழி வெட்டினேன், மூணடி அகலம், நாலரை அடி ஆழம். மேல ஒன்றரை அடி கறுப்புக் களி, அதுக்குக் கீழ மஞ்சளா பிசுக்குப் பிசுக்குன்னு, மண்வெட்டியில ஒட்டினா சுரண்டித்தான் எடுக்கணும். சாயங்காலம் வெட்டி முடிச்சப்ப குழி காஞ்சு கெடந்துச்சு. மறுநாள் காலையில போய்ப் பாத்தா தண்ணி மேலேர்ந்து ரெண்டடியில நிக்குது, தவளை ஒண்ணு நீந்துது. மேஸ்திரி ரொம்ப நேரம் குழியையே பாத்துட்டு, "நாலடி பத்தாதுங்க தம்பி, டிராயிங் வாங்கிட்டு வாங்க, அதுபடியே செய்வோம்"னு சொன்னாரு. மனசு விட்டு ஒத்துக்கிட்டாரு, அதுக்கு அவர் மேல மரியாதை கூடிடுச்சு.

திருவாரூர்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கிடைச்சாரு, மண் எடுத்துட்டுப் போயிருக்காங்க. 40 அடின்னு சொல்லிட்டேன், புயல் பெருக்கு 1.3 போட்டே கணக்கு போடச் சொல்லிட்டேன். ஸ்க்ராப் கடைக்கும் போனேன், துவாக்குடி தம்பி சொன்ன மாதிரி ஒரு ஜாயின்ட்டக் கழட்டச் சொன்னேன், உள்ள பழுப்புப் பொடி கொட்டுச்சு, வந்துட்டேன். புது ஆங்கிள், நாலு கால். மேல ஹெக்ஸ்பீம், அது வீட்லயே நானும் தங்கச்சி மகனும் சேந்து கட்டப் போறோம், ஃபைபர் குச்சிக்கு மட்டும் ஆர்டர் போட்டாச்சு.

சம்பா அறுவடை முடிஞ்சு மாசியில தண்ணி எறங்கின அப்புறம்தான் குழி. கிழக்கால புதுசா வச்ச தென்னங்கன்னு இப்ப என் உயரம் வந்திருக்கு, டவரை அதுலேர்ந்து மேற்கால 35 அடி தள்ளி குறிச்சு நாலு முளை அடிச்சிருக்கேன். கொங்கு ஐயா, அந்த ஹார்னஸ் என்ன அளவு, என்ன மாடல் வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் 84 கிலோ. 73 (ஹாம் பாஷையில வாழ்த்துக்கள்).